ஒதுக்கப்பட்ட உலோகம்
நிக்கல் – தைத்தேனியப் போதிகைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழில் 'பொன்' என்னும் சொல் ஒரு காலத்தில் உலோகம் என்ற பொதுப்பொருளையே உணர்த்தி நின்றது. இரும்பு கரும்பொன் எனவும் வெள்ளி வெண்பொன் எனவும் வழங்கப்பட்டன. ஐம்பொன் என்ற வழக்கு இன்றும் நிலவுகின்றது. உலோகங்களைக் கொண்டு மனிதகுலத்தின் வளர்ச்சியை அளவிடும் முறை வரலாற்றாசிரியர்களுக்கும் புதியதன்று. டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த கிறிஸ்தியன் தொம்சன் 1836ஆம் ஆண்டில் வெளியான தமது நூலிலே கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற பாகுபாட்டை நிறுவியபொழுது, மனிதன் கையாண்ட கருவியே அவனது காலத்தை இனங்காட்டும் சான்று என்னும் கருத்து நிலைபெற்றது.

எனினும் இத்தகைய வரலாறு பெரும்பாலும் வெற்றிபெற்ற உலோகங்களின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. பயன்பாட்டுக்கு வந்தவை பேசப்படுகின்றன. கண்டறியப்பட்டும் கைவிடப்பட்டவை பேசப்படுவதில்லை. ஒரு பொருள் ஏன் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது ஏன் மீண்டும் தேடப்பட்டது என்ற வினாக்களே ஒரு சமுதாயத்தின் தேவைகளையும் அதன் தொழில்நுட்ப ஆற்றலின் எல்லைகளையும் தெளிவாகக் காட்டவல்லவை. இந்நோக்கில் ஆராயத்தக்க ஓர் எடுத்துக்காட்டு, நூற்றுக்கு அறுபது பங்கு நிக்கலும் நாற்பது பங்கு தைத்தேனியமும் கொண்ட கலப்புலோகமாகும். 1950களின் இறுதியில் தோன்றிய இவ்வுலோகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மறக்கப்பட்டுக் கிடந்தது. பின்னர் அதுவே எந்திரப் போதிகைகளுக்கு உகந்த பொருளாக மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட வரலாறே இங்கு நோக்கப்படுகின்றது.

போதிகையும் உருக்கும்

பேச்சு வழக்கிலே 'பெயாரிங்' எனப்படும் போதிகை, சுழலும் தண்டைத் தாங்கி உராய்வைக் குறைக்கும் உறுப்பாகும். தண்டுக்கும் அதைத் தாங்கும் வளையத்துக்கும் இடையே குண்டுகளை உருளவிடும் முறைக்கு, வேல்சு நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாண் 1794இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் அவர் காலத்தில் ஒரே அளவான குண்டுகளைப் பெருந்தொகையில் ஆக்கும் வழி இருக்கவில்லை. 1883இல் ஜேர்மனியின் சுவைன்பேட் நகரத்தில் பிரீட்ரிக் பிஷர் உருக்குக் குண்டுகளைத் துல்லியமாக அரைத்தெடுக்கும் பொறியை அமைத்த பின்னரே குண்டுப் போதிகை ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. கருத்துக்கும் அதைக் கைக்கூட்டும் செய்முறைக்குமிடையே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. இந்த இடைவெளி பின்னர் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றுவதை இக்கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

வளைந்த பரப்புகள் இரண்டு ஒன்றையொன்று அழுத்தும்பொழுது உண்டாகும் தகைப்பினைக் கணித்துக் கூறியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1881இல் அவர் முன்வைத்த கொள்கையின்படி, குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியதாகையால் அங்கு எழும் அழுத்தம் மிகப் பெரியதாகும். எனவே போதிகைக்குரிய பொருள் மிகுந்த வன்மை உடையதாயிருத்தல் வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு காபனும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் கொண்ட உருக்கு இத்தேவையை நிறைவு செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வழக்கத்துக்கு வந்த இவ்வகை உருக்கே நூற்றாண்டு முழுவதும் போதிகைத் தொழிலின் அடிப்படையாய் விளங்கிற்று.

ஆனால் உருக்கின் வன்மைக்கு ஒரு விலை உண்டு. அது துருப்பிடிக்கும், காந்தத்தால் கவரப்படும். பலத்த அதிர்ச்சி ஏற்படின் குண்டு வளையத்திற் பள்ளம் பதிக்கும். பதிந்த சிறு பள்ளம் பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் இரைச்சலை எழுப்பி, ஈற்றில் போதிகையையே அழித்துவிடும். குரோமியத்தைப் பெருக்கித் துருவேறா உருக்கு ஆக்கினும் வன்மைக்குத் தேவையான காபன் குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னுடன் பிணைத்துக்கொள்வதால் அதன் அரிப்பெதிர்ப்பு முழுமையடைவதில்லை. சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் மட்பாண்டவகைப் பொருள் துருப்பிடியாது, மிக வன்மையானது. எனினும் அது உருக்கினும் விறைப்பானது. ஆகையால் அக்குண்டு அதிர்ச்சியில் தான் சிதையாது நின்றாலும் தன்னைத் தாங்கும் உருக்கு வளையத்தில் எளிதிற் பள்ளம் பதிக்கும். வன்மை, அரிப்பெதிர்ப்பு, அதிர்ச்சி தாங்கும் நெகிழ்வு ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்ட பொருள் எதுவும் கைவசம் இருக்கவில்லை. இம்முரண்பாடே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் பின்னணியாகும்.

வைட் ஓக் ஆய்வுகூடத்தில்

நிக்கலை 1751இல் சுவீடனைச் சேர்ந்த அக்செல் குரொன்ஸ்டெட் கண்டறிந்தார். தைத்தேனியத்தை 1791இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் கரிய மணலொன்றில் இனங்கண்டார். அதற்குப் பெயரிட்டவர் ஜேர்மானியரான கிளாப்றோத். ஆயினும் தைத்தேனியத்தைத் தாதிலிருந்து பேரளவிற் பிரித்தெடுக்கும் முறை, லக்சம்பேக்கைச் சேர்ந்த வில்லியம் குறோலின் உழைப்பினால் 1940ஐ ஒட்டியே உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் வானூர்தி, ஏவுகணை ஆகியவற்றின் தேவை காரணமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தைத்தேனிய உற்பத்தி விரைந்து பெருகியது. நிட்டினோலின் தோற்றமும் இப்பின்னணியிலேயே வைத்து நோக்கப்படல் வேண்டும்.

மேரிலாந்து மாநிலத்தின் வைட் ஓக்கிலே அமைந்திருந்த அமெரிக்கக் கடற்படைப் படைக்கல ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர் பணியாற்றினார். பொலாரிஸ் ஏவுகணை வளிமண்டலத்துள் மீண்டும் புகும்பொழுது அதன் மூக்குக் கூம்பு தாங்கவேண்டிய வெப்பத்துக்கும் தாக்கத்துக்கும் ஏற்ற பொருளைத் தேடும் பணி 1958ஐ ஒட்டி அவருக்குக் கிடைத்தது. அவர் இரு உலோகங்கள் குறித்த விகிதத்திற் சேர்ந்து உருவாகும் உலோகச் சேர்வைகள் அறுபதளவில் எடுத்து ஆராய்ந்தார். அவற்றுட் பன்னிரண்டைத் தெரிந்து சுத்தியலால் அடித்துப் பார்த்தார். ஏனையவை நொறுங்க, நிக்கல் – தைத்தேனியச் சேர்வை அடியைத் தாங்கி நின்றது. நிக்கல், தைத்தேனியம் ஆகிய இரண்டின் குறியீடுகளையும் ஆய்வுகூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து அதற்கு 'நிட்டினோல்' எனப் பெயரிட்டார்.

1959இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் பலராலும் எடுத்துரைக்கப்படுவது. உருக்கி வார்த்த நிட்டினோல் கோல்களுள் ஆறிப்போன ஒன்று நிலத்தில் விழுந்தபொழுது ஈயம் விழுந்தாற்போல் மந்தமாக ஒலித்தது. இன்னும் சூடாக இருந்த கோலோ மணிபோல் ஒலித்தது. சூடான கோலைத் தண்ணீர் விட்டு ஆற்றியபின் அதுவும் மந்த ஒலியே எழுப்பிற்று. அறை வெப்பநிலையை ஒட்டிய சிறு மாற்றத்திலேயே உலோகத்தின் அணு அமைப்பு மாறுகின்றது என்பதற்கு இது முதற் குறிப்பாயிற்று. 1961இல் ஆய்வுகூடத்தின் உயர் அலுவலர் கூட்டமொன்றிலே, மடிப்பு மடிப்பாக மடிக்கப்பட்ட நிட்டினோல் தகடு ஒன்று கைமாறிச் சென்றது. அதை வாங்கிப் பார்த்த டேவிட் மசி என்பவர் தமது சுங்கானைப் பற்றவைக்கும் தீயை அதற்குக் காட்டினார். தகடு தானாகவே விரிந்து நேராயிற்று. மறந்த உருவை வெப்பத்தால் மீட்கும் இப்பண்பு 'உருநினைவு' எனப் பெயர்பெற்றது. பொன் – கட்மியம் கலப்புலோகத்தில் இத்தகைய நடத்தையை ஆர்னே ஓலாந்தர் 1932இலேயே அவதானித்திருந்தார். ஆயினும் மலிவாகவும் வலிமையாகவும் அதைத் தந்தது நிட்டினோலே. 1962இல் ஆய்வுகூடத்திற் சேர்ந்த பளிங்கியலறிஞர் பிரெடெரிக் வாங் இதன் அணுவமைப்பு அடிப்படையை விளக்குவதில் முக்கிய பங்காற்றினார்.

இரு உடன்பிறப்புகள்

பொதுவாக நிட்டினோல் என்றவுடன் உருநினைவு கொண்ட உலோகமே கருத்தில் எழுகின்றது. உண்மையில் பியூலரும் அவருடைய உதவியாளர் ரேமண்ட் வைலியும் ஒன்றன்று, இரண்டு வகைகளை ஆக்கினர். நிறையின்படி நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு நிக்கல் கொண்டது நிட்டினோல்-55. அதில் நிக்கல் அணுக்களும் தைத்தேனிய அணுக்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் உள்ளன. அறுபது பங்கு நிக்கல் கொண்டது நிட்டினோல்-60. இதில் நூறு அணுக்களுள் ஐம்பத்தைந்து நிக்கலாகும். ஐந்து பங்கு வேறுபாடு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பண்பில் இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. முன்னையது மென்மையானது, வளைக்கத்தக்கது, உருவை நினைவிற் கொள்வது. பின்னையதோ, செஞ்சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தால் போதிகை உருக்குக்கு நிகரான வன்மையைப் பெறுவது. அத்துடன் அது துருப்பிடியாதது, காந்தத்தாற் கவரப்படாதது. 1965இல் பியூலரும் வைலியும் பெற்ற காப்புரிமை நிக்கலை அடிப்படையாகக் கொண்ட இக்கலப்புலோகங்களைப் பற்றியதாகும்.

கடற்படைக்குக் காந்தமற்ற வன்கருவிகள் தேவையாயிருந்தன. கடற்கண்ணிகளைச் செயலிழக்கச் செய்யும் பணியில் சாதாரண உருக்குக் கருவி உயிராபத்தை விளைக்கும். எனவே நிட்டினோல்-60 வரவேற்கப்பட்டிருக்க வேண்டிய பொருளே. ஆயினும் அது ஒதுக்கப்பட்டது. காரணம் அதன் பண்பிலன்றி, அதை உருவாக்கும் செய்முறையிலேயே இருந்தது. வன்மையேற்றாத நிலையிலும் அது கருவிகளை எளிதில் மழுக்கிற்று. வார்ப்பிற் குறைகள் தோன்றின. கடைந்தெடுத்தலும் துளையிடலும் பெருந்தொல்லையாயின. மாறாக நிட்டினோல்-55 கம்பியாக இழுக்கப்படக்கூடியதாயும் மேடையிலே காட்டி வியக்கவைக்கத் தக்கதாயும் இருந்தது. ஆகவே ஆய்வாளரின் கவனமும் பணமும் அதன்மீதே குவிந்தன.

அதன் விளைவுகள் சிறியனவல்ல. 1970களின் தொடக்கத்தில் எப்-14 போர் வானூர்தியின் நீரியற் குழாய்களை இணைக்கும் வளையங்கள் நிட்டினோலால் ஆக்கப்பட்டன. அதே பத்தாண்டில் பல்வரிசையைச் சீர்ப்படுத்தும் கம்பியாக அது மருத்துவத்துட் புகுந்தது. பின்னர் குருதிக்குழாய்களை விரித்துத் தாங்கும் வலைக்குழாய்களாகப் பல இலட்சம் நோயாளரின் உடலில் இடம்பெற்றது. நிட்டினோலைப் பிறப்பித்த ஆய்வுகூடம் 1974இல் வேறொரு கடற்படை நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. ஆனால் அதன் பெயர் உலோகத்தின் பெயரில் இன்றும் வாழ்கின்றது. நிட்டினோல்-60 மட்டும் ஆய்வேடுகளின் பக்கங்களில் ஒடுங்கிற்று.

மீட்சி

2000ஆம் ஆண்டின் பின்னர் அமெரிக்கத் தேசிய வானூர்தி விண்வெளி நிருவாகத்தின் – அதாவது நாசாவின் – கிளெவ்லாந்து நகரிலுள்ள கிளென் ஆய்வு நிலையத்திலே, உராய்வியலறிஞர் கிறிஸ்தோபர் டெல்லாகோட்டும் அவருடைய சக ஆய்வாளரும் இவ்வுலோகத்தை மீண்டும் கையிலெடுத்தனர். கனெற்றிக்கட் மாநிலத்தைச் சேர்ந்த அபொட் போல் என்னும் குண்டு உற்பத்தி நிறுவனம் அவர்களுடன் ஒத்துழைத்தது. இதன் முதற் பேறுகள் 2009இல் நாசாவின் அறிக்கையாக வெளிவந்தன.

இம்மீட்சிக்கு வழிவகுத்தது இடைக்காலத்தில் வேறு துறைகளில் வளர்ந்த செய்முறைகளேயாம். உருக்கி வார்ப்பதற்குப் பதிலாக, கலப்புலோகத்தை நுண்தூளாக்கி, அத்தூளை உயர் வெப்பத்திலும் எத்திசையிலும் சமமான அழுத்தத்திலும் இறுக்கித் திண்மமாக்கும் தூள் உலோகவியல் முறை வளர்ந்திருந்தது. இம்முறையில் வார்ப்புக் குறைகள் பெரிதும் தவிர்க்கப்பட்டன. மட்பாண்டவகைக் குண்டுகளை அரைத்து மெருகிடுவதற்கென உருவான நுட்பங்கள், கடைதற்கரிய இவ்வுலோகத்துக்கும் உதவின. பியூலரின் காலத்தில் இல்லாதிருந்தது அறிவன்று, கையே எனலாம். வாணின் குண்டுகள் பிஷரின் பொறிக்காகக் காத்திருந்ததுபோல, நிட்டினோல்-60 தூள் உலோகவியலுக்காகக் காத்திருந்தது.

ஆய்வாளர் கண்ட பண்புகள் மூன்று விதத்திற் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, உராய்வு பற்றியது. தைத்தேனியத்தை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான கலப்புலோகங்கள் ஒன்றோடொன்று தேயும்பொழுது ஒட்டிக் கிழிவன, மசகெண்ணெய்களுடனும் ஒத்துப்போகாதன. எனவே அவை போதிகைக்கு உதவா என்பது பொறியியலாளரின் நெடுநாளைய முடிபு. தைத்தேனிய அணுக்களைப் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கொண்டிருந்தும் நிட்டினோல்-60 இக்குறைக்கு ஆளாகாமல் எண்ணெயுடன் சீராக உருண்டது. இங்கு இரு உலோகங்களும் வெறுங்கலவையாக அல்லாமல் ஒழுங்கான அணுவடுக்குடைய சேர்வையாகப் பிணைந்திருப்பதே இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை.

இரண்டாவது, அரிப்பு பற்றியது. இதில் இரும்பே இல்லையாதலால் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதன் முக்கியத்துவத்தை விண்வெளியிலிருந்து வந்த ஒரு தேவை புலப்படுத்துகின்றது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலே விண்வெளி வீரரின் சிறுநீரை வடித்து மீண்டும் நீராக்கும் கருவி 2008இன் இறுதியில் நிறுவப்பட்டது. அங்கு திரவத்தை ஆவியிலிருந்து பிரிப்பதற்குச் சுழலும் உருளையொன்று பயன்படுகின்றது. அமிலம் சேர்க்கப்பட்ட அத்திரவத்தின் ஆவியும் ஈரமும் உருக்குப் போதிகைகளை அரிக்கக்கூடியவை. பூமியிலிருந்து பல நூறு கிலோமீற்றர் உயரத்திலே பழுதடைந்த போதிகை குடிநீருக்கே ஊறு விளைப்பதாகும். இக்கருவிக்கென நிட்டினோல்-60 போதிகைகள் வடிவமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன.

மூன்றாவது பண்பே யாவற்றிலும் வியப்பானது. வன்மையான பொருள் விறைப்பாகவும் இருக்கும் என்பது பொது அனுபவம். உருக்கின் மீள்தன்மை மட்டு ஏறத்தாழ 200 கிகா பசுக்காலாகும். வன்மையில் அதற்கு நிகரான நிட்டினோல்-60இன் மட்டு அதன் பாதியளவே, அதாவது 95 கிகா பசுக்காலை ஒட்டியதே. எனவே சுமை ஏறும்பொழுது குண்டும் வளையமும் சற்று நெகிழ்ந்து, தொடும் பரப்பு அகலுகின்றது. ஹெர்ட்சின் கணிப்பின்படி, ஒரே வடிவமும் ஒரே சுமையும் கொண்ட போதிகையில் குண்டும் வளையமும் இவ்வுலோகத்தாலானவையாயின், உச்ச அழுத்தம் உருக்கில் எழுவதன் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். அதற்கு மேலும், இது நிலையாக உருக்குலையாமல் தாங்கி மீளக்கூடிய விகாரம் உருக்கினதிலும் பன்மடங்காகும். ஆகவே ஏவுதலின் அதிர்ச்சியிலோ கடலலையின் மோதலிலோ உருக்குப் போதிகையில் பள்ளம் விழக்கூடிய சுமையில் இதன் பரப்பு பழுதின்றி நிற்கும். அடர்த்தியும் உருக்கினதிலும் குறைவு. கன சதமமீற்றருக்கு 6.7 கிராம் அளவினது. வன்மையும் நெகிழ்வும் ஒருங்கே அமைதல் இயலாது என்று கருதப்பட்ட முரண்பாடு இங்குத் தளர்ந்தது.

தோய்ச்சலின் சிக்கல்

எனினும் பியூலரின் நாளிலிருந்து தொடர்ந்த ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. அது வன்மையேற்றும் முறை பற்றியது. கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து வன்மையாக்கும் தோய்ச்சல் முறை மிகப் பழையது. நிட்டினோல்-60க்கும் அம்முறையே வேண்டப்படுகின்றது. ஆனால் உள்ளே நிகழ்வது வேறு. ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் மிகுதியான நிக்கல் அணுக்கள் முழுவதும் சேர்வையினுட் கரைந்துவிடுகின்றன. விரைந்து குளிர்வித்தால், நான்கு நிக்கல் அணுவுக்கு மூன்று தைத்தேனிய அணு என்ற விகிதமுள்ள மிக நுண்ணிய வீழ்படிவுகள் பளிங்கெங்கும் நெருக்கமாகத் தோன்றி, அதைத் தளரவிடாமற் பூட்டுகின்றன. இதுவே வன்மையின் ஊற்று. மெதுவாகக் குளிர்வித்தாலோ அவ்வீழ்படிவுகள் பருத்து, நிக்கல் மிகுந்த வேறு சேர்வைகளாக மாறிவிடுகின்றன; வன்மை பெரிதும் குறைகின்றது.

விரைவு வேண்டும், ஆனால் விரைவே கேட்டுக்கும் காரணமாகின்றது. இவ்வுலோகத்தின் வெப்பக் கடத்துதிறன் குறைவு. எனவே தண்ணீரில் அமிழ்த்தும்பொழுது வெளிப்புறம் குளிர்ந்து சுருங்க, உட்புறம் சூடாகவே நிற்கும். இவ்வேறுபாட்டினால் உள்ளே தகைப்புகள் எஞ்சுகின்றன. சிறு குண்டுகள் இதைத் தாங்கின; பெரிய வளையங்களும் தடித்த தகடுகளும் தோய்க்கும்போதோ பின்னர் வெட்டும்போதோ பிளந்தன. இழுவிசையைத் தாங்கும் நெகிழ்ச்சி இதற்கு மிகக் குறைவாதலால் தொடங்கிய வெடிப்பு நில்லாது ஓடிற்று. குண்டு மாத்திரம் செய்யத்தக்க உலோகத்தால் முழுப் போதிகை ஆக முடியாது.

இதற்குத் தீர்வு, கலப்புலோகத்தின் சேர்க்கையைச் சிறிதளவு திருத்துவதிற் கிடைத்தது. ஆவர்த்தன அட்டவணையிலே தைத்தேனியத்தின் கீழ் சேக்கோனியமும் அதன் கீழ் ஹவ்னியமும் இடம்பெறுகின்றன. 1923இல் கொப்பன்ஹேகனிலே கொஸ்டர், ஹெவெசி ஆகிய இருவராலும் கண்டறியப்பட்டு அந்நகரின் இலத்தீன் பெயரால் வழங்கப்படும் ஹவ்னியம், தைத்தேனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதனினும் பருத்த, பாரமான அணுவை உடையது. தைத்தேனிய அணுக்களுட் சிலவற்றின் இடத்தில் ஹவ்னியத்தை இட்டால் பளிங்கினுள் அணுக்களின் இடப்பெயர்ச்சி மந்தமாகின்றது. வேண்டாத பருத்த சேர்வைகள் தோன்றுவதற்குக் காலம் நீளுகின்றது. அதனால் அத்துணை உயர் வெப்பமும் அத்துணைத் திடீர்க் குளிர்ச்சியும் இன்றியே வன்மையைப் பெறலாம். எஞ்சும் தகைப்பு குறைகின்றது, வெடிப்பும் குறைகின்றது. 2010களில் கிளென் நிலையத்தார் ஆராய்ந்த ஒரு சேர்க்கை, நூறு அணுக்களில் ஐம்பத்துநான்கு நிக்கல், நாற்பத்தைந்து தைத்தேனியம், ஒன்றே ஒன்று ஹவ்னியம் கொண்டது. நிறையிற் கணித்தால் ஹவ்னியம் நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டியதாகும். நூற்றில் ஓர் அணு, அரை நூற்றாண்டுத் தடையைத் தளர்த்தியது.

இத்தீர்வு முழுமையானதென்று கூறுதல் பொருந்தாது. ஒரு முறை ஏறும் பெருஞ்சுமையைத் தாங்குவதில் இவ்வுலோகம் உருக்கை விஞ்சினும், கோடிக்கணக்கான சுற்றுகளில் மீண்டும் மீண்டும் ஏறும் சுமையைத் தாங்குவதில் சிறந்த போதிகை உருக்குகளுக்குப் பின்தங்கியே நின்றது. உருள்களைப்பு எனப்படும் இக்குறைக்கு, தூளினுள் தங்கிய நுண்ணிய மாசுகளும் துளைகளும் வெடிப்பின் தோற்றுவாய்களாய் அமைதல் ஒரு காரணமாகும். ஆகவே மிகுந்த வேகமும் இடையறாச் சுமையும் கொண்ட எந்திரங்களில் உருக்கின் ஆட்சி குலையவில்லை. அரிப்பு, அதிர்ச்சி, காந்த விலக்கு ஆகியன முதன்மைபெறும் இடங்களே நிட்டினோல்-60க்கு உரிய களங்களாயின.

வரலாறு உணர்த்துவது

நிட்டினோலின் வரலாறு வழக்கமாகச் சுங்கான் தீயில் விரிந்த தகட்டின் கதையாகவே சொல்லப்படுகின்றது. அக்கதை சுவையானது, பொய்யுமன்று. ஆனால் அதுவே முழு வரலாறு எனக் கொள்ளின், கண்டுபிடிப்பு என்பது தற்செயலின் கொடை என்ற மயக்கம் தோன்றும். அறுபது சேர்வைகளை எடுத்து, பன்னிரண்டைச் சுத்தியலால் அடித்துப் பார்த்த உழைப்பு இல்லையேல் அந்தத் தகடும் இல்லை. அதினும் மேலாக, நிட்டினோல்-60இன் கதையிலே தற்செயல் எதுவும் இல்லை. அங்கு உள்ளவை தோல்வி, காத்திருப்பு, பிற துறைகளில் நிகழ்ந்த முன்னேற்றம், பொறுமையான திருத்தம் ஆகியனவே. வியப்பூட்டிய உடன்பிறப்பு புகழ்பெற்றது. உழைப்பு வேண்டிய உடன்பிறப்பு ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கியோர் தவறிழைத்தனர் என்பதும் எளிதான தீர்ப்பு. அன்றைய செய்முறைகளைக் கொண்டு அவ்வுலோகத்தைப் பயன்பாட்டுக்குக் கொணர்தல் இயலாததொன்று. கைவிடுதல் அன்று அறிவுடைமையே. ஆயின் கைவிட்டவர்கள் தாம் கண்டதைப் பதிவு செய்து விட்டுச்சென்றனர் என்பதே முக்கியமானது. காப்புரிமையிலும் அறிக்கையிலும் எழுதப்பட்ட வரிகள் இருந்தமையாலேயே நாற்பது ஆண்டுகளின் பின் வந்தோர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. தோல்விகளைப் பேணாத சமுதாயம் அவற்றையே மீண்டும் மீண்டும் விலைகொடுத்து வாங்கும்.

மற்றுமொன்றும் நோக்கத்தக்கது. அணுவாயுத ஏவுகணையின் தேவையிலிருந்து பிறந்த உலோகம், நோயாளரின் குருதிக்குழாயிலும் விண்வெளி நிலையத்தின் நீர்க்கருவியிலும் பணிபுரிய வந்தமை, பொருளின் இயல்பு அதனைத் தோற்றுவித்தோரின் நோக்கத்தோடு கட்டுண்டதன்று என்பதைக் காட்டுகின்றது. நோக்கத்தை மாற்றுபவர் மனிதரே. ஆனால் அவ்வாறு மாற்றும் வல்லமை, உலைகளும் அரைக்கும் பொறிகளும் பயிற்சிபெற்ற கைகளும் எங்கு உள்ளனவோ அங்கேதான் திரள்கின்றது. இலங்கையின் கிழக்குக் கரையில் புல்மோட்டையின் கரிய மணலிலே தைத்தேனியத்தின் தாதுகளான இல்மனைற்றும் உரூத்தைலும், ஹவ்னியத்தைத் தன்னகத்தே கொண்ட சேர்க்கன் கனியமும் கலந்து கிடக்கின்றன. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதிலிருந்து இவை பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளன. மண் இருந்தமையால் மட்டும் உலோகம் வந்துவிடுவதில்லை. உலோகம் இருந்தமையால் மட்டும் போதிகை வந்துவிடுவதுமில்லை. மணலுக்கும் போதிகைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. நிட்டினோல்-60இன் அரை நூற்றாண்டு வரலாறு அத்தூரத்தின் அளவையே உணர்த்துகின்றது. அத்தூரத்தை நடந்து கடந்தோர் தற்செயலை நம்பியிருந்தவர்களல்லர். தமக்கு முன் வந்தோர் இடையில் விட்டுச்சென்ற வேலையை எடுத்து முடித்தவர்களே.